நடுக் கேலரியில் யாரும் உட்கார வேண்டாம்

உத்திரமேரூர்
5.11.2025

மச்சான் கலைச்செல்வனுக்கு,

ஆல்பர்ட்தான். கவரில் என் பேரைப் பார்த்தால் நீ பிரிக்கவே மாட்டாய் என்று வளர்மதி சொன்னாள். "எங்க அண்ணன் வீம்பு உனுக்குத் தெரியாதா, போஸ்ட்மேன் கைலியே திருப்பிக் குடுத்துடும்" என்றாள். அதனால்தான் அனுப்புநர் இடத்தில் உன் தங்கச்சி பேர் இருக்கிறது. ரெண்டு வருஷமாக என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப்போன கையை வைத்துக்கொண்டு நான் இன்னா செய்ய?

விஷயம் இதுதான். பஸ் ஸ்டாண்டை அகலப்படுத்த நம் விடிவெள்ளி கிளப் மைதானத்தைக் கேட்கிறார்கள். பதிலுக்குத் திருப்புலிவனம் ரோட்டில் நாலு ஏக்கர் தருவார்களாம். போக மாட்டோம் என்றால் வற்புறுத்த மாட்டார்கள். விளையாட்டு நிதியில் வந்திருக்கும் பணத்தில் இருக்கிற கேலரி மேலேயே இன்னும் ஆறு படி ஏற்றிக் கூரை போட்டுக்கொள்ளலாம். போவதா, இருப்பதா என்று டிசம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் ஓட்டு.

புது இடத்தை நானும் மகள் ஷீபாவும் போய்ப் பார்த்தோம். நல்ல மண், நல்ல காற்று, ஒரு மனுஷன் கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பஸ் இல்லை. உன் மருமகள் இன்றைக்கு இருபத்தாறு பெண் பிள்ளைகளுக்கு கோச். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கடை வெளிச்சத்தில், நாலு பேர் கண் எதிரில் ஆடுவதால்தான் நம் காலனிக்காரர்கள் பெண்களை அனுப்புகிறார்கள். அந்தப் பொட்டலுக்கு எவன் அனுப்புவான்? ஊருக்கு வெளியே இருந்து ஊருக்கு நடுவில் வந்து நின்றவர்கள் நாம். மறுபடியும் வெளியே போ என்றால் என் மனசு ஒப்பவில்லை.

பழைய மெம்பர்கள் வெளியூரில் இருந்தால் கைப்பட எழுதி ஓட்டு அனுப்பலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கிளப்பை ஆரம்பித்த நாலு பேரில் கிருஷ்ணசாமியும் ஜெகனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீயும் நானும்தான் மிச்சம். கேலரியைக் கட்டின மேஸ்திரியே "இங்கேயே இருப்போம்" என்று எழுதினால் அதற்கு ஒரு மதிப்பு. பழசை மனதில் வைக்காமல் எழுதி அனுப்பு.

மழையில், கேலரிக்கு அடியில் இருக்கிற ஸ்டோர் ரூம் சுவரில் ஒரு சின்ன விரிசல் விட்டிருக்கிறது. பூசிவிடலாம்.

ஆல்பர்ட்


ஓசூர்
10.11.2025

ஆல்பர்ட்டுக்கு,

பழசை மனதில் வைக்காதே என்கிறாய். கிளப் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முந்நூறு பேர் முன்னால் "பஞ்சாட்சரம் வூட்ல எவ்ளோ வாங்கினே?" என்று என்னைக் கேட்டவன் நீ. நம் மைதானத்துக்குச் சொந்தம் கொண்டாடின வீட்டில் நான் கை நீட்டினேனாம். அதை எவனோ போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினான். இங்கே ஓசூரில் என்னிடம் சித்தாள் வேலை பார்க்கிற பொம்பளை வரைக்கும் அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கேலரியை இடித்துவிடலாம் என்றேன். ஏன் என்று சொல்ல என் வாய் கட்டிக் கிடந்தது. அந்த வாயைக் கட்டினவர்களில் நீயும் ஒருவன்.

வளர்மதி பேரைப் பார்த்து அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நடுங்கிக்கொண்டே பிரித்தேன். அந்தப் பாவமும் உனக்குத்தான்.

ஓட்டு கிடக்கட்டும். விரிசல் எந்தச் சுவரில்? நடுத்தூணுக்குக் கிழக்கேயா, மேற்கேயா? நேராக இறங்குகிறதா, படிக்கட்டு மாதிரி சாய்ந்து இறங்குகிறதா? தரை உள்வாங்கியிருக்கிறதா? பூசாதே. பூசினால் ஒன்றும் தெரியாது. நாலு விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, ரெண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டு. பக்கத்தில் தேதி எழுது. கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம்.

ஆறு படி ஏற்றப் போகிறார்கள் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டாய். நாம் மூடின கிணறு எந்த இடத்தில் இருக்கிறது என்று மறந்துபோனதா, மறந்த மாதிரி நடிக்கிறாயா?

கலைச்செல்வன்


உத்திரமேரூர்
18.11.2025

மச்சான்,

கிணறு என்ற வார்த்தையை எழுத்தில் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. படித்த கையோடு உன் கடிதத்தைக் கிழித்து ஸ்டவ்வில் போட்டேன். வளர்மதி பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் இன்னா எழுதிக்கீது, கொளுத்தற அளவுக்கு?" என்று பிடித்துக்கொண்டாள். திட்டி எழுதியிருக்கிறான் என்றேன். நம்பிவிட்டாள்.

மறப்பேனா? தொண்ணூற்றாறில் பஞ்சாட்சரத்தின் அப்பா, "கெணறு வெட்டனது நாங்க, அதனால நெலமும் எங்களுது" என்று மனுப் போட்டார். சர்வேயர் வந்து கிணற்றைப் பார்த்துவிட்டால் நமக்கு மைதானம் இல்லை. அவர் வருவதற்குள் நாம் மூடினோம். நான் சர்வேயரை பஸ் ஸ்டாண்ட் ஹோட்டலில் உட்காரவைத்து, நாஷ்டாவும் காப்பியும் வாங்கிக் கொடுத்துப் பதினோரு மணி வரைக்கும் பேச்சுக் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் கிணறு இருந்த இடத்தில் நீங்கள் ஜல்லி கொட்டிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தீர்கள். "கேலரி வேல நடக்குது சார்" என்று ஜெகன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அன்று நாம் அதைச் செய்யவில்லை என்றால் இந்த ஊரில் நம் பிள்ளைகள் பந்தைத் தொட்டிருக்க முடியாது. நான் வருத்தப்படவில்லை. மூடின கிணறு மூடினதுதான். முப்பது வருஷ மண் கல்லாக இறுகியிருக்கும். அன்றைக்கு மீட்டிங்கில் நீ பழசைக் கிளப்பி காரியத்தைக் கெடுக்கப் பார்க்கிறாய் என்று எனக்குக் கோபம். பேசினது தப்புதான். ஆனால் அந்தக் கோபத்தில் பேசியது.

நீ சொன்னபடி கண்ணாடி ஒட்டினேன். பன்னிரண்டாம் தேதி ஒட்டியது பதினாறாம் தேதி காலையில் ரெண்டாக இருந்தது. விரிசல் நடுத்தூணுக்குக் கிழக்கே, படிக்கட்டு மாதிரிதான் இறங்குகிறது. ஸ்டோர் ரூம் கதவு தரையில் இழுக்கிறது. மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என் பஞ்சர் கடை மைதானத்துக்கு நேர் எதிரில் இருப்பது இத்தனை வருஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது டியூபைத் தண்ணீரில் அமுக்கும்போதுகூடக் கண் அந்தக் கேலரியிலேயே இருக்கிறது. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால் வேலையைப் போட்டுவிட்டு எத்தனை பேர் என்று எண்ணுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் படி ஏற்ற இடம் பார்க்க இன்ஜினியர் வந்தபோது, "இந்த எடத்துல பழைய கெணறு, பள்ளம் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். செக்ரட்டரி என்ற முறையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சும்மா தைரியத்துக்கு ஒரு வார்த்தை எழுது. அடியில் மண் கெட்டியாகத்தானே இருக்கும்?

ஆல்பர்ட்


ஓசூர்
23.11.2025

மாப்பிள்ளை,

ரெண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். தைரியத்துக்கு ஒரு வார்த்தை கேட்கிறாய். என்னிடம் அது இல்லை.

அடியில் மண் இல்லை.

எட்டடி அகலம், முப்பதடி ஆழம். நீ அனுப்பியது நாலு டிராக்டர் மண். அது எந்த மூலைக்கு என்று நீ ஒருநாளாவது கணக்குப் போட்டிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். கைப்பிடிச் சுவரை இடித்து உள்ளே தள்ளினோம், ரெண்டு வண்டி மண்ணைக் கொட்டினோம். தண்ணீருக்குள் போய் எங்கோ உட்கார்ந்துவிட்டது, கிணறு அப்படியே வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. சர்வேயர் ஹோட்டலை விட்டுக் கிளம்பிவிட்டார் என்று ஒரு பையன் ஓடிவந்து சொன்னான். கிருஷ்ணசாமி அழவே ஆரம்பித்துவிட்டான். கொட்டகை போட வாங்கி வைத்திருந்த பனஞ்சட்டம் அஞ்சு கிடந்தது. அதைக் கிணற்றுக்குக் குறுக்கே போட்டு, மேலே தகரம் விரித்து, மிச்ச மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணி, ஜல்லியைப் பரப்பினோம். யோசனை என்னுடையது. அவர்கள் ரெண்டு பேரும் நான் சொன்னதைச் செய்தார்கள்.

அப்புறமாவது சரியாக மூடியிருக்கலாம் என்று கேட்பாய். மறுநாளே நீ கான்கிரீட் போடச் சொன்னாய், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உன்னிடம் சொன்னால் கத்துவாய் என்று பயந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. பிறகு தளம் போட்டு, தூண் எழுப்பி, படி கட்டி, திறப்பு விழா நடத்தி, என் தோளில் மாலையும் போட்டுவிட்டீர்கள். மாலை போட்ட பிறகு எப்படிச் சொல்வது?

பனை நல்ல ஜாதி மரம், முப்பது வருஷம் தாங்கியிருக்கிறது. அது தாங்கினது நம் அதிர்ஷ்டம். இப்போது கண்ணாடி உடைந்திருக்கிறது, கதவு இழுக்கிறது என்றால் சட்டம் விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டது. இங்கே பத்தாவது மாடியில் நின்று வேலை பார்க்கிறேன், ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு தரையில் நடக்கவே கால் கூசுகிறது.

நடுக் கேலரியில் யாரும் உட்கார வேண்டாம். கயிற்றைக் கட்டு. ஸ்டோர் ரூமைப் பூட்டு. பொதுக்குழுவில் எழுந்து உள்ளதைச் சொல்லிவிடு. சொன்னால் மைதானம் போய்விடும், எனக்குத் தெரியாமல் இல்லை. பஞ்சாட்சரம் வீட்டார் கேஸ் போடலாம், நீ கொடுத்த கையெழுத்துக்கு உன்னைப் பிடிக்கலாம், என்னையும் பிடிக்கலாம். பழியை என் மேல் போடு. நான் மறுக்கமாட்டேன்.

ஷீபா அந்தப் படியில்தான் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுவாள். நடுப்படியில், மூன்றாவது வரிசையில். எனக்கு அது மட்டும்தான் கண் முன்னால் நிற்கிறது.

கலைச்செல்வன்


உத்திரமேரூர்
8.12.2025

மச்சான்,

ஜெயித்துவிட்டோம். இருப்போம் என்று நூற்றுப் பதினேழு, போவோம் என்று முப்பத்தொன்பது. பட்டாசு வெடித்தார்கள். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே நடுக் கேலரிக்குக் கயிறு கட்டினேன். ஏன் என்று கேட்டவர்களிடம் தேனீ கூடு கட்டியிருக்கிறது என்று ஒரு பொய். ரெண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் பையன்கள் தேடிப் பார்த்துவிட்டு, "அங்கிள், தேனீயுங் கெடையாது ஒண்ணுங் கெடையாது" என்று கயிற்றை அவிழ்த்துப் போட்டார்கள்.

நேற்று மீட்டிங்கில் உன் கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் எழுந்தேன். சத்தியமாக. மைக்கைப் பிடித்ததும் முன் வரிசையில் அத்தனை முகங்கள். நம் தெரு மொத்தமும் வேலைக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்தது. "கேலரி பழசாயிடுச்சி, விரிசல் கீது, அதும்மேல ஏத்த வேணாம்" என்று மட்டும் சொன்னேன். உடனே நம் தெரு வசந்த்குமார் எழுந்து, "இன்னாண்ணா, நீயே இப்டிப் பேசற? எவனாவது வந்து உன்னப் பாத்தானா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் உன்னைக் கேட்டேனே, அதே கேள்வி. அது எப்படிச் சுடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மச்சான் என்னைத் தூங்கவிடவில்லை. ஷீபா எழுந்தாள். "நைனா பயப்படுது. எங்க கேலரி எப்டி கீதுன்னு நாங்க காட்றோம்" என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேராக நடுக் கேலரியில் ஏறினாள். இருபத்தாறு பேர். வரிசையாக நின்று கையைக் கோத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று குதித்தார்கள். ஊரே கை தட்டியது. மறுபடியும் குதித்தார்கள். மூன்றாவது தடவையும் குதித்தார்கள். தூணுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிடி தூசி கொட்டியதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. கேலரி நின்றது. இறங்கி வந்து ஷீபா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

இருபத்தொன்றாம் தேதி வாலாஜாபாத் டீமோடு ஃபைனல். அன்றைக்குக் கேலரி நிரம்பும். ஜனவரியில் மேலே படி ஏற்றும் வேலை ஆரம்பம். நான் இனிமேல் எப்படி வாயைத் திறப்பேன்? என்னால் முடியாது. மூன்று தடவை குதித்தும் ஒன்றும் ஆகவில்லையே, உன் பனஞ்சட்டம் இன்னும் கெட்டியாக இருக்கலாம் இல்லையா? இருக்கலாம் என்று ஒரு வரி எழுது.

ஆல்பர்ட்


ஓசூர்
12.12.2025

ஆல்பர்ட்டுக்கு,

எழுத மாட்டேன்.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அது ஷீபாவுக்கு. கிணறு, சர்வேயர், பனஞ்சட்டம், நீ போட்ட கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கிறது. நீ கொடுக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் அதையே இன்னொரு தடவை எழுதி, அவள் பி.டி. டீச்சராக இருக்கிற வாலாஜாபாத் பள்ளிக்கூடத்துக்கு நேற்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன். போனில் சொன்னால் மாமா குடித்துவிட்டு உளறுகிறார் என்று நினைப்பாள். அவளிடமும் நான் ரெண்டு வருஷமாகப் பேசவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நம்புவாள்.

நேரில் வந்திருக்க வேண்டியவன் நான். நேற்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். காஞ்சிபுரம் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. எனக்கு உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. நீ மைக்கைப் பிடித்து நின்றதும், நான் பஸ் படிக்கட்டைப் பிடித்து நின்றதும் ஒன்றுதான்.

அவளுக்குக் கிடைக்கும் வரைக்கும் அந்தப் படியில் ஒரு பிள்ளையை ஏறவிடாதே. நீயே படுத்துக்கொள், உன்னை மிதித்துக்கொண்டு எவன் ஏறுகிறான் என்று பார்.

கலைச்செல்வன்


உத்திரமேரூர்
19.12.2025

மச்சான்,

ஷீபாவுக்குத் திங்கள்கிழமை மத்தியானம் உன் கடிதம் கிடைத்திருக்கிறது. அரை நாள் லீவ் போட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, நேராக மைதானம். கேலரிக்கு ரெண்டு பக்கமும் கயிறு கட்டி, பெஞ்சைக் குறுக்கே போட்டு, தானே அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவராகப் போன் பண்ணி வரவழைத்தாள். இன்ஜினியரை வரவழைத்தாள். பஞ்சாட்சரத்தின் மகன் மோகன்குமாரையும் வரவழைத்தாள். அவர் எதற்கு என்று வசந்த்குமார் சண்டைக்குப் போனான். "அவங்க கெணறு. அவங்களும் பாக்கட்டும்" என்றாள்.

இன்ஜினியர் யாரையும் கூட்டமாக உள்ளே விடவில்லை. வசந்த்குமார் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஸ்டோர் ரூம் ஓரத்தில் கடப்பாரையால் குத்தினான். ஒரு சாண் கான்கிரீட், அப்புறம் மண். நாலாவது குத்தில் கடப்பாரை கையை விட்டு உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் அது தண்ணீரில் விழுந்த சத்தம் வந்தது. இன்ஜினியர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாரையும் வெளியே தள்ளினார். அஞ்சு சட்டத்தில் மூன்று முறிந்து தொங்குகிறதாம். ரெண்டுதான் மிச்சம்.

மோகன்குமார் வெகு நேரம் அங்கேயே நின்றார். கேஸ் என்று கத்துவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் சொன்னது வேறு. "எங்க அப்பாவும் தாத்தாவும் சாவற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாங்க, அங்க கெணறு இருந்துச்சி, அங்க கெணறு இருந்துச்சின்னு. சர்வேயர் இல்லன்னு எழுதிட்டாரு. வயசாயி புத்தி கலங்கிப்போச்சின்னு நாங்களே அவுங்களத் திட்டினோம்." அவ்வளவுதான் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேஸ் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நேற்று மறுபடியும் பொதுக்குழு. திருப்புலிவனம் ரோட்டுக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. எதிர்த்து ஒன்பது பேர்தான். பெண்கள் டீமுக்கு வேன் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள். இருபத்தாறில் பதினொரு பேர் வீட்டில் இப்போதே வேண்டாம் என்றுவிட்டார்கள். என் பதவியை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கையெழுத்துக்காக விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று இன்ஜினியர் சொன்னார். வரட்டும். உன் பேரும் வரும். வளர்மதி என்னோடு பேசுவதில்லை, உன்னைப் பற்றியும் பேசுவதில்லை.

இதெல்லாம் நான் எதிர்பார்த்துப் பயந்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது வந்தது. அதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

ஷீபா தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள். "நைனா, மாமா கடுதாசி உனுக்கு எப்ப வந்துச்சி?"

"போன மாசம் இருபத்தாறாந்தேதி."

"அப்ப, நாங்க மேல ஏறிக் குதிச்சப்ப உனுக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன்.

"இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"வேண்டிக்கினு இருந்தேம்மா" என்றேன். பொய் இல்லை மச்சான். சட்டைப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே தாங்கணும், ஆண்டவரே தாங்கணும் என்று வேண்டிக்கொண்டுதான் நின்றேன்.

"யாருக்காக? எனுக்காகவா, கேலரிக்காகவா?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நொடி பார்த்திருப்பாள். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று தடவை குதித்தார்கள் மச்சான். முதல் தடவை நான் உறைந்துபோனேன், அது நிஜம். ரெண்டாவது தடவை கத்தியிருக்கலாம். மூன்றாவது தடவை, தாங்கிவிட்டது, இனி மைதானம் நமக்குத்தான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் மகள் அந்த நேரம் இன்னும் மேலேதான் நின்றுகொண்டிருந்தாள்.

ஆல்பர்ட்